அம்மை என்றால் அம்மா

அந்த வீடியோ நேற்று மட்டும் எனக்கு ஏழு பேரிடமிருந்து வந்தது. ஏழு பேரும் சிரிக்கிற முகம் போட்டு அனுப்பியிருந்தார்கள். அதில் மூன்று பேர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். வெளியூர்க்காரர் சிரித்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். நீங்கள் மூன்று பேர் சிரித்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்தாயிற்று. விளவங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளை. பேச்சுப் போட்டியில் ஒரு இடத்தில்கூடத் திணறாமல் பேசி முடித்து, பரிசு வாங்க மேடையில் நிற்கிறாள். நடுவர் மைக்கை நீட்டி, "யாரும்மா உனக்கு இப்படிப் பேசச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்கிறார். "எங்க அம்மை" என்கிறாள். அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "அம்மையா? தடுப்பூசி போட்டாச்சா?" என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. பிள்ளைக்கு முதலில் விளங்கவில்லை, அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். பிறகு விளங்குகிறது. அந்த முகத்தை நான் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. "கேரளா பார்டரா நீ?" என்று அவர் அதற்கு மேலும் கேட்கிறார்.

அம்மை என்றால் அம்மா. இதை நான் இந்தப் பதிவில் பத்துத் தடவை சொல்லப் போகிறேன், சலிப்பாக இருந்தால் இப்போதே கடந்து போய்விடுங்கள். அது மலையாளமும் இல்லை. மலையாளத்தில் 'அம்ம' என்பார்கள், தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்படியே. 'ஐ' போட்டு அம்மை என்று முடிப்பது தமிழ். "அம்மையே அப்பா ஒப்பிலா மணியே" என்று மாணிக்கவாசகர் உருகிப் பாடியபோது யாருக்குத் தடுப்பூசி போடச் சொன்னார்? காரைக்கால் அம்மையாரை என்னவென்று நினைத்துக் கும்பிடுகிறோம்? சிவன் கோயில் வாசலில் நின்று அம்மையப்பா என்று சொல்கிறவர்கள் எதைச் சொல்கிறார்கள்? தமிழ் படித்தவர் என்று சொல்லித்தான் அந்த நடுவரை மேடையில் அறிமுகப்படுத்தினார்கள். இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்தபோது அது சிரிப்புக்குரிய சொல்லாகிவிட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நோய்க்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். உடம்பெல்லாம் கொப்புளம் வந்தால் அம்மன் வந்திருக்கிறாள் என்றார்கள். கொப்புளத்தை முத்து என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் முத்தாரம்மன் கோயில் இருக்கிறது. வேப்பிலை கட்டி, அந்த வீட்டில் சத்தமாகப் பேசாமல், வந்திருப்பது தாய் என்று நினைத்து நடந்துகொண்டார்கள். நோயின் பேரைச் சொல்லப் பயந்து தாயின் பேரைச் சொன்னார்கள். ஆக முதலில் இருந்தது தாய், நோய் அவளிடமிருந்து பேரைக் கடன் வாங்கியது. அந்தப் பெரியம்மையும் 1975-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. நோய் ஒழிந்து இத்தனை வருஷம் ஆகியும், சொல்லைக் கேட்டால் நோய்தான் ஞாபகம் வருமாம், தாய் ஞாபகம் வரமாட்டாளாம்.

சின்னச் சொற்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு, தமிழுக்கு மட்டும் வந்ததில்லை. இரண்டு எழுத்து, மூன்று எழுத்தில் ஒரு சொல் இருந்தால் அதே ஓசை இன்னொரு மொழியிலும் இருக்கத்தான் செய்யும். மனிதன் வாயில் எழுகிற ஒலிகள் கொஞ்சம், மொழிகளோ ஆயிரக்கணக்கில். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா' என்பார்கள். ஸ்பெயின் நாட்டு வடக்கில் பேசுகிற பாஸ்க் மொழியில் 'அமா' என்றால் அம்மாவேதான், ஆனால் அந்த மொழிக்கும் தமிழுக்கும் உறவு என்று நிறுவியவர் யாருமில்லை. உதட்டை மூடித் திறந்தால் வருகிற முதல் ஒலி 'ம்', பால் குடிக்கிற குழந்தை முனகினாலே அது வந்துவிடும், அதனால்தான் உலகமெங்கும் அம்மாக்களுக்கு அந்த ஒலி ஒட்டிக்கொண்டது என்று ரோமன் யாகோப்சன் என்ற மொழியறிஞர் 1960-இல் எழுதினார். ஆஸ்திரேலியாவில் ம்பபாரம் என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்கு 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து வாங்கியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, அவர்களுடைய பழைய சொல் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. தற்செயல்.

இதற்கு நேர்மாறாக, ஒரே வேரில் பிறந்து அர்த்தம் பிரிந்து போனவை உண்டு. 'கிஃப்ட்' என்றால் நமக்குப் பரிசு, ஜெர்மன் மொழியில் விஷம். இரண்டும் 'கொடுப்பது' என்ற ஒரே வேர்தான். மருந்து கொடுப்பதாகச் சொல்லிச் சொல்லி அங்கே விஷமாகிவிட்டது.

ஆகவே ஒரு சொல்லை இன்னொரு மொழியில் கேட்டோம் என்பதற்காக இது அங்கிருந்து வந்தது என்று தீர்ப்பு எழுத முடியாது. இதைத்தான் நான் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்போது கேட்க ஆள் இல்லை.

மதுரையில் விடுதியில் இருந்தேன். முதல் வாரமே 'சாயா குடிக்கப் போலாமா' என்று கேட்டுவிட்டேன். அதோடு மூன்று வருஷமும் எனக்குப் பெயர் சாயாதான். டீ என்று சொன்னால் தமிழன், சாயா என்று சொன்னால் மலையாளி. அப்போது எனக்குத் தெரியாது, இப்போது தெரியும்: டீயும் சாயாவும் ஒரே சீனச் சொல்லின் இரண்டு உச்சரிப்பு. ஃபூஜியன் கடற்கரையில் 'தே' என்றதை டச்சு வியாபாரிகள் கப்பலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், அது ஆங்கிலம் வழியாக டீ ஆகி இங்கே வந்தது. 'சா' என்றது தரைவழியாகப் பாரசீகம் வரை போய் ஒரு பக்கம் 'சாய்' ஆனது. இரண்டுமே தமிழ் இல்லை. சீனாக்காரன் சொல்லில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பார்த்து மூன்று வருஷம் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

சாயா போனால் போகட்டும். நான் விட்டுக்கொடுத்தது அது மட்டும் இல்லை.

என் அம்மை அண்டி ஆபீசுக்குப் போனவள். அண்டி என்றால் முந்திரிக்கொட்டை, நம்ம ஊரில் முந்திரித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். கொட்டையை உடைத்தால் தோட்டிலிருந்து வருகிற எண்ணெய் கையைப் பொத்து உரித்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தும் அவள் விரல் நுனிகள் கறுத்துத்தான் இருக்கும். அந்தக் கையால் அனுப்பிய பணத்தில் படித்தேன். வாரம் ஒருநாள் விடுதிப் போனுக்குப் பேசுவாள். பக்கத்தில் பையன்கள் நிற்பார்கள். அவர்கள் காதில் விழக்கூடாது என்று ஒருநாள் "சொல்லுங்கம்மா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என்ன மக்ளே, புதுசா விளிக்கே?" என்றாள். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை, வேறு யாரோ பேசுகிறார்களோ என்ற சந்தேகம்தான் அந்தக் குரலில் இருந்தது. நான் பதில் சொல்லாமல் பரீட்சைக் கட்டணம் பற்றிப் பேசினேன். அதற்குப் பிறகு அவளை அம்மை என்று கூப்பிட எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அவள் சொன்ன 'விளிக்கே' என்பதையும் பாருங்கள். நாங்கள் கூப்பிடுவதை விளிப்பது என்போம். இதற்கும் சிரித்திருக்கிறார்கள். எட்டாம் வேற்றுமைக்குப் பெயர் என்ன? விளி. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று தனி இயலே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விளிவேற்றுமை என்று கேட்டால் இரண்டு மதிப்பெண், வீட்டில் விளித்தால் மலையாளம்.

இனி நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள் என்று தெரியும்.

'அது சும்மா தமாஷ், இதைப் போய்ப் பெரிசாக்குகிறாயே' என்பீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை மேடையில் நிறுத்தி முந்நூறு பேரைச் சிரிக்க வைப்பது எனக்குத் தமாஷாகப் படவில்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

'மேடையில் பொதுத்தமிழ் பேச வேண்டாமா?' வேண்டும். அவள் பேசினாள். போட்டி முழுக்க நீங்கள் கேட்கிற அந்தத் தமிழில்தான் பேசினாள், அதற்குத்தான் பரிசு கொடுத்தீர்கள். தன் தாயைப் பற்றிக் கேட்டபோது தாயை விளிக்கிற சொல்லால் பதில் சொன்னாள். அங்கேயும் அவள் மொழிபெயர்க்க வேண்டுமா?

'உங்கள் பேச்சில் மலையாளம் கலக்கவே இல்லையா?' கலந்திருக்கிறது. எல்லையில் இருக்கிற எந்த ஊரிலும் கலக்கும். ஆனால் நீங்கள் மலையாளம் என்று கைகாட்டுகிற சொற்களில் பாதி, மலையாளம் தனி மொழியாகப் பிரிவதற்கு முன்பே தமிழில் இருந்தவை. நீங்கள் விட்டுவிட்டீர்கள், அவர்களும் நாங்களும் வைத்திருக்கிறோம். வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் குடிக்க வெள்ளம் கேட்டால், 'எத்தனை பேர் மூழ்கினார்கள்' என்று கேட்காத ஆளே இல்லை. "வெள்ளத் தனைய மலர்நீட்டம் மாந்தர்தம் உள்ளத் தனையது உயர்வு." குளத்தில் வெள்ளம் எவ்வளவோ அவ்வளவு நீளம்தான் பூவின் தண்டு. இங்கே வெள்ளம் என்பது ஊரை அடித்துக்கொண்டு போகிற வெள்ளமா? நின்ற நீர் என்றுதான் பரிமேலழகரும் பொருள் சொல்கிறார். பரிபாடலில் அதே சொல் ஒரு பெரிய எண்ணின் பெயர். ஆக இந்த ஒரு சொல் தமிழுக்குள்ளேயே நீராக, பெருக்காக, எண்ணாக இருந்திருக்கிறது. அந்தக் குறளை எழுதியவருக்கு எங்கள் கடலில் 133 அடியில் சிலை நிற்கிறது. 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறந்தார்கள். படகில் போய்ப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். கரைக்கு வந்து கடையில் ஒரு கிழவி 'வெள்ளம் வேணுமா மக்கா' என்று கேட்டால் மட்டும் அது வேற்றுமொழி.

இன்னொன்றும் சொல்கிறேன். தொல்காப்பியத்தில் அம்மை என்று ஒரு செய்யுள் வனப்பு உண்டு. சில சொற்களால், மென்மையான சொற்களால், அடி நீளாமல் அமைவது அம்மை. குறள் போன்ற நூல்களை உரையாசிரியர்கள் அந்த வகையில்தான் வைக்கிறார்கள். தாயைச் சொல்கிற அம்மையும் இந்த அம்மையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி முடிச்சுப் போட்டால் நான் மேலே சொன்ன தப்பை நானே செய்தவன் ஆவேன். ஒரு சொல்லுக்கு மூன்று நான்கு வாழ்க்கை இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தத் தொல்காப்பியத்தை அதங்கோட்டு ஆசான் முன்னால் அரங்கேற்றியதாக அதன் முன்னுரையான பாயிரம் சொல்கிறது. அதங்கோடு என்ற ஊர் இன்றும் விளவங்கோட்டுப் பக்கம் இருக்கிறது, அந்த ஆசான் எங்கள் ஆள் என்றுதான் நாங்கள் வழிவழியாக நம்பி வருகிறோம். அதே பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு எல்லை சொல்லும்போது தெற்கே குமரியைத்தான் சொல்கிறது.

"கேரளா பார்டரா நீ?"

1954 ஆகஸ்ட் 11. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. அப்போதைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டதற்காகச் செத்தார்கள். சாதாரண ஆட்கள். வீட்டில் தாயை அம்மை என்றவர்கள், தாகத்துக்கு வெள்ளம் கேட்டவர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்தன. எங்களை யாரும் தமிழ்நாட்டில் தூக்கிப் போடவில்லை, நாங்களே கேட்டு, அடிபட்டு வந்தோம். வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எங்கள் பிள்ளை மேடையில் ஒரு சொல் சொன்னால் அடையாள அட்டை காட்ட வேண்டியிருக்கிறது. எதற்காகக் காட்ட வேண்டும்? யாரிடம்?

நான் மலையாளத்துக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். என் வீட்டிலேயே மலையாளம் பேசுகிற உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். 'மலையாளமா' என்ற கேள்வியை வசைபோல வீசுகிறவர்களைத்தான் கேட்கிறேன்.

அந்த மூன்று பேருக்கு மட்டும் கடைசியாக. நீங்களும் சின்ன வயதில் கீழே விழுந்தால் "எக்க அம்மோ" என்றுதான் கத்தினீர்கள், நான் பக்கத்தில் இருந்தேன். வெளியூர் போய் வேலை பார்க்கிறோம், நாக்கை மாற்றிக்கொண்டோம், சரி. நானும் மாற்றியவன்தான், அதை மேலே எழுதிவிட்டேன். ஆனால் மாற்றாமல் நின்ற பிள்ளையைப் பார்த்து நாமே சிரிக்கக்கூடாது.

அந்த வீடியோவில் அவள் முகம் தெளிவாகத் தெரிகிறது, பள்ளிச் சீருடையும் தெரிகிறது. திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போக வேண்டும். உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். குழுக்களில் போட்டிருந்தால் அங்கிருந்தும் எடுத்துவிடுங்கள். எனக்கு இனி அனுப்ப வேண்டாம்.