கபாலாவில் ஏறினால் மட்டும் போதாது

யூத மறைஞானமான கபாலா என்றாலே கையில் கட்டும் சிவப்புக் கயிறு, ரகசிய எண்கள், ஹாலிவுட் நட்சத்திரங்கள் என்று பேசிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. ஆன்மா மேலேறுவதைப் பற்றி அது சொல்வது, ஒரு சாதாரணக் காலைப்பொழுதோடு பின்னிக் கிடக்கும் விஷயம்.

உலகங்கள் நான்கு. கீழே செயலின் உலகமான அசியா, அதற்கு மேல் உருவாக்கத்தின் யெட்சிரா, படைப்பின் பெரியா, உச்சியில் எல்லையற்ற இறைவனை ஒட்டிய அட்சிலூத். ஆன்மாவுக்கும் படிகள் உண்டு. கீழ்ப்படியான நெஃபெஷ் பிறவியிலேயே எல்லோருக்கும் கிடைத்துவிடும். அதற்கு மேலுள்ள ரூவாஹ், நெஷாமா இரண்டையும் பாடுபட்டுத்தான் பெற வேண்டும் என்கிறது 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வெளிப்பட்ட கபாலாவின் மூலநூல் ஸோஹர்.

சரி, எப்படி ஏறுவது? தினசரிக் காலைத் தொழுகைதான் ஏணி. கலிலேயாவின் ஸஃபேத் நகரில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கபாலா ஆசான் ஐசக் லூரியா வழி வந்த மரபில், பழைய ஆலயப் பலிகளைப் பற்றிய பகுதி அசியா. சங்கீதங்கள் யெட்சிரா. இறைவன் ஒருவரே என்று சொல்லும் ஷெமா, பெரியா. நின்றபடி முணுமுணுக்கும் முக்கிய வேண்டுதலான அமிதா, அட்சிலூத். அமிதாவுக்கு மூன்றடி முன்னே வைத்துப் பாதங்களைச் சேர்த்து நிற்பார்கள். முடிந்ததும் மூன்றடி பின்வாங்கி, இடமும் வலமும் நேராகவும் குனிந்து சமாதானம் வேண்டுவார்கள். அப்புறம் வரும் பகுதிகள் உலகம் உலகமாகக் கீழே இறங்குகின்றன.

இந்த இறக்கத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. பர்தேஸ் என்ற தோட்டத்துக்குள் நான்கு அறிஞர்கள் போனதாக, யூதச் சட்ட விவாத நூலான தல்மூத் சொல்கிறது. பென் அஸ்ஸாய் செத்துப்போனார். பென் ஸோமாவுக்குச் சித்தம் கலங்கியது. எலீஷா பென் அபூயா நெறி தவறினார். ரபி அகிபா மட்டும் நலமாகத் திரும்பினார். நால்வரும்தான் உள்ளே போனார்கள். மரபு கொண்டாடுவது திரும்பி வந்தவரை.

லூரியா இன்னும் ஒருபடி மேலே போகிறார். படைப்பின் தொடக்கத்தில் ஒளியைத் தாங்கிய கலங்கள் உடைந்து, பொறிகள் கீழே சிதறிவிட்டன. ஆசி சொல்லிச் சாப்பிடும் ஒரு கவளத்தில்கூட ஒரு பொறி மீளலாம். ஆக வேலை இருப்பது கீழேதான். 1492இல் யூதர்கள் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட வலி இதற்குப் பின்னால் இருக்கிறது என்றார் கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம். பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. ஆனால் ஊரை இழந்தவர்கள்தான் உடைந்ததைப் பொறுக்கிச் சேர்ப்பதை இவ்வளவு பெரிதாக நினைத்திருக்க முடியும் என்று எனக்குப் படுகிறது.

நாற்பது வயதுக்கு முன் கபாலாவைத் தொடக் கூடாது என்று ஒரு மரபு உண்டு. வயதை விடுங்கள், லூரியாவே 38 வயதில் இறந்தவர். ஆனால் யூத வேதமான தோராவிலும் தல்மூதிலும் ஊறாமல், அன்றாடக் கடமைகள் எதுவும் இல்லாமல், நேரே உச்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் தருவது கபாலா அல்ல.