கண்ணாடியில் தண்ணி நின்றது

சம்மாந்துறைப் பக்கம் நெல் அவிக்கிற ஒரு மில்லில் ஏழு வருசம் பொயிலர் பார்த்தவன் நான். இப்போது களுவாஞ்சிகுடியில் மோட்டர் கொயில் கட்டுகிறேன். இலங்கைக்கும் அணுமின் நிலையம் வேணும் என்று பேசுகிறார்கள்; இதைச் சொல்லிவிட்டுத்தான் அதைப் பற்றி நான் வாய் திறக்க வேண்டும்; இல்லாவிட்டால் "நீ என்ன விஞ்ஞானியா?" என்று முதல் ஆளே கேட்பார். விஞ்ஞானி இல்லை. ஆனால் அணுஉலையும் கடைசியில் தண்ணியைச் சூடாக்கி, ஆவியெடுத்து, டேர்பைன் சுத்துகிற சாமான்தான். உமிக்குப் பதில் யுரேனியம். (உமிச் சாம்பலை வயலில் கொட்டலாம், அதைக் கொட்ட ஏலாது. தெரியும், சண்டைக்கு வராதீர்கள்.)

பொயிலரின் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணி எவ்வளவு என்று அதில்தான் பார்ப்போம். மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய், இரண்டும் பொயிலருக்குள் போகும். எங்கள் மில் கிணற்றுத் தண்ணி சவர். காயக் காய வெள்ளைப் பொருக்குப் பிடிக்கும். கீழ் வாயைப் பொருக்கு அடைத்துவிட்டால் கண்ணாடிக்குள் நின்ற தண்ணி நின்றபடியே நிற்கும். பொயிலருக்குள் தண்ணி இறங்கிக்கொண்டே போகும், கண்ணாடி மட்டும் பாதிக்கு மேல் காட்டும். எனக்குத் தொழில் பழக்கின காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒவ்வொரு ஷிஃப்டும் அடிக் குழாயைத் திறந்து கண்ணாடியை வெறுமையாக்குவார். மூடினதும் தண்ணி துள்ளி ஏற வேண்டும். ஊர்ந்து ஏறினால் அடைப்பு.

"கண்ணாடிய நம்பிராத தம்பி, தொறந்து பாரு" என்பார்.

காக்கா சுகமில்லாமல் நின்ற ஒரு கிழமை நான் திறந்து பார்க்கவில்லை. கொப்பியில் மட்டும் ஏழு நாளும் 'சரி' போட்டேன். ஒன்றும் நடக்காததால் எட்டாம் நாளும் போட்டேன். அவர் வந்து திறந்தபோது தண்ணி ஊர்ந்தது. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. நெருப்பை இழுத்துப் போட்டு மில்லை நிற்பாட்டினார். ஏசினது முதலாளி. பொய் எழுதின என்னை இல்லை, அவிந்துகொண்டிருந்த நெல்லை நிற்பாட்டின காக்காவை.

அமெரிக்காவின் திரீ மைல் தீவில் 1979 மார்ச் 28இல் நடந்ததை வாசித்தபோது எனக்கு அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. அழுத்தம் கூடினால் திறக்கிற வால்வு ஒன்று திறந்து, திரும்ப மூடாமல் இறுகிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ மூடிவிட்டது என்றது. 'மூடு' என்ற கட்டளை போனதைக் காட்டத்தான் அந்த விளக்கு. வால்வு மூடினதா என்று அதற்குத் தெரியாது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தண்ணி போய்க்கொண்டே இருந்தது, உலையின் உள்பகுதி பாதியளவு உருகியது. இன்னொன்றும் நடந்தது. அவசரத்துக்குத் தண்ணி அனுப்புகிற குழாய்களின் வால்வுகளை இரண்டு நாளுக்கு முந்தின சோதனைக்காகப் பூட்டியவர்கள் திறக்க மறந்துவிட்டார்கள். அதைக் காட்டும் விளக்கொன்றை மறைத்துக்கொண்டு பராமரிப்பு அட்டை ஒன்று தொங்கியது.

ஆனால் என்னைத் தூங்க விடாதது 2002இல் ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் கண்டுபிடித்த ஓட்டைதான். அங்கே உலைத் தண்ணியில் போரிக் அமிலம் கலந்திருப்பார்கள். உலையின் மூடியில் பொருத்திய குழாய் ஒன்றில் வெடிப்பு விழுந்து, அது வருசக்கணக்காகக் கசிந்து, 16 சென்ரிமீற்றருக்கு மேல் தடித்த உருக்கை அன்னாசிப்பழம் அளவுக்குத் தின்றுவிட்டது. மிஞ்சினது உள்பக்கம் ஒட்டியிருந்த, 1 சென்ரிமீற்றர்கூட வராத துருப்பிடிக்காத தகடு. காற்றழுத்தத்தைப் போல 150 மடங்கு அழுத்தத்தை அது தனியாகத் தாங்கி நின்றது.

யாருக்கும் தெரியாமல் நடந்த விசயமா? 2000ஆம் ஆண்டுப் பரிசோதனையில் மூடியிலிருந்து துரு நிறத்தில் வழிந்திருந்ததைப் படமே எடுத்திருக்கிறார்கள். கதிர்வீச்சு அளக்கும் கருவியின் வடிகட்டியில் துரு அடைத்து அடைத்து, மாதம் ஒருக்கா மாற்ற வேண்டியதை ஒன்றுவிட்ட நாள் மாற்றினார்கள். துரு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகவில்லை. வீட்டுக் கூரை ஒழுகினால் வாளியை மாற்றி மாற்றி வைக்கிறமே, அதே வேலை. 2001 டிசம்பர் 31க்குள் நிற்பாட்டிப் பார்க்க வேண்டும் என்றிருந்ததை, கம்பனி கேட்க, அணுமின் நிலையங்களைக் கண்காணிக்கிற அமெரிக்க அரசின் ஒழுங்குமுறை ஆணையம் 2002 பெப்ரவரி 16 வரை தள்ளிக் கொடுத்தது. கம்பனிக்கு வரும் நட்டத்தைக் குறைக்கிற எண்ணம் அந்த முடிவில் பெரிதாக இருந்தது என்று ஆணையத்தின் உள்விசாரணையே பிறகு சொன்னது. 5.45 மில்லியன் டொலர் தண்டம், வழக்கை முடிக்க இன்னும் 28 மில்லியன். இரண்டு வருசம் மூடிக் கிடந்தது.

ஜப்பானில் மிஹாமா அணுமின் நிலையம். 10 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய குழாய்ச் சுவர் சில இடத்தில் 2 மில்லிமீற்றர்கூட இல்லாமல் தேய்ந்து, 2004 ஓகஸ்ட் 9இல் வெடித்து, கொதி ஆவியில் ஐந்து தொழிலாளர் செத்தார்கள். அந்த இடம் பரிசோதனைப் பட்டியலிலேயே இல்லை. 1976இல் ஓடத் தொடங்கியதிலிருந்து 28 வருசம் ஒருவரும் அதன் தடிப்பை அளக்கவில்லை. செத்தவர்கள் அங்கே நின்றது, வரப்போகிற பரிசோதனைக்கு ஆயத்தம் செய்ய. தென்கொரியாவில் 2013இல் கட்டுப்பாட்டுக் கேபிள்களின் சோதனைப் பத்திரமே பொய் என்று உலைகளை நிற்பாட்டினார்கள். நான் 'சரி' போட்ட கொப்பிக்கு அண்ணன்.

நான் அணுமின்சாரத்துக்கு எதிரி இல்லை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை சப்ஸ்டேசனில் ஏறின குரங்கு நாட்டை முழுக்க இருட்டாக்கியது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையமும் நின்று, அடுத்த நாட்களில் முறை வைத்துக் கரண்ட் வெட்டினார்கள். என் கடையில் பாதி கட்டின மோட்டர்கள் கிடந்தன. எல்லாரும் குரங்கை வைத்துச் சிரித்தோம். குரங்கு ஏறினால் ஒரு சப்ஸ்டேசன் போகலாம், நாடே ஏன் போக வேண்டும் என்று கேட்டவர்களின் பதிவுக்கு லைக் விழவில்லை.

இலங்கைக்கும் அணுமின் நிலையம் வேணும் என்று பேசுகிறார்கள். பேசட்டும். அணுசக்தி ஒழுங்குமுறைப் பேரவை என்று ஒன்று 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு உலை ரஷ்யாவோ கொரியாவோ என்பது இரண்டாம் பட்சம். நிற்பாட்டச் சொல்கிற பரிசோதகரை மறுநாள் இடம்மாற்ற அமைச்சருக்கு முடியுமா, முடியாதா? அதை முதலில் எழுத்தில் காட்டட்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்திலும் ஆணையத்தின் பரிசோதகர்கள் அங்கேயே இருந்து வேலை செய்கிறார்கள். எந்த வால்வு கசிந்தது, எந்தப் பம்பு நின்றது என்று அவர்கள் எழுதுகிற அறிக்கையை யாரும் இணையத்தில் வாசிக்கலாம். டேவிஸ்-பெஸ்ஸி கதை களுவாஞ்சிகுடியில் மோட்டர் கட்டுகிறவனுக்குத் தெரிய வந்ததும் அப்படி எல்லாம் வெளியே வந்ததால்தான். இங்கே அப்படி ஒரு அறிக்கை வருமா? வந்தால் தமிழிலும் வருமா?

காக்கா மௌத்தாகி மூன்று வருசம். அந்த மில் இன்னும் ஓடுகிறது. போன மாதம் அங்கிருந்து ஒரு பம்பு மோட்டர் கொயில் கட்ட வந்தது. கொண்டுவந்த பொடியனிடம் கண்ணாடியைத் திறந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப டிஜிட்டல் அண்ணே" என்றான்.