நாலரை லட்சம் சொன்ன வெப்லி

பழைய ரிவால்வர் வாங்கிய கதையை எழுதச் சொல்லி இரண்டு பேர் நச்சரிக்கிறார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பயன்படும். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு லைசென்ஸ் கிடைத்த கையோடு முதலில் போய்ப் பார்த்தது ஒரு வெப்லி அண்ட் ஸ்காட், இங்கிலாந்து கம்பெனி ரிவால்வர். .32 (குழலின் விட்டம், அங்குலக் கணக்கில்), தோட்டா போட ஆறு அறை. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டக்கார அண்ணன் ஒருவருடையது. மஞ்சள் துணியைப் பிரித்து மேஜையில் வைத்தார், புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. "நாலரைன்னா குடுத்தர்லாங்க தம்பி. இங்கிலீஷ்காரன் செஞ்சது."

நாலரை என்றால் நாலரை லட்சம். இத்தனைக்கும் 2014-இல் கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி 'நிர்பீக்' ரிவால்வரை வெளியிட்டபோது, புத்தம் புதுசே சுமார் 1.22 லட்சம்தான். அதே .32, அதே ஆறு அறை.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எண்பதுகளின் நடுவில் தனியார் கைத்துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்திவிட்டது. அதற்கு முன்னால் வந்து சேர்ந்த சரக்குதான் இன்றுவரை கைமாறிக்கொண்டே இருக்கிறது. .38, 9 எம்எம் எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் வராது. அதனால் கூட்டம் முழுக்க .32-இல் வந்து நெருக்குகிறது. அமெரிக்காவில் போலீஸ் துறைகள் பிஸ்டலுக்கு மாறியபோது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ரிவால்வர்கள் குவியல் குவியலாகக் கடைக்கு வந்து மலிவாக விற்றன. இங்கே தட்டுப்பாட்டுக்கு விலை போட்டு, அதன் மேல் 'ஃபாரின்' என்று ஒரு முலாம் பூசி விற்கிறோம். சேகரிப்பவர் கொடுக்கட்டும், அது அவர் ஆசை. பயன்படுத்த வாங்குகிறவர் உலோகத்தின் நிலைமைக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் லேத் பட்டறைக்காரன். சட்டைப் பையில் ஃபீலர் கேஜ் (இடுக்கு அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லாமல் எங்கேயும் போவதில்லை. அண்ணனிடம் அனுமதி கேட்டு, ரிவால்வரைத் திறந்து, ஆறு அறையும் காலி என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். பின்பக்கம் இருக்கும் ஹேமரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஹேமர் முழுசாக நிற்பதற்குள், ஆறு அறையும் இருக்கும் உருளையான சிலிண்டர் 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து அறை சரியாக விழுந்தது. ஆறாவது வரவில்லை. விரலால் லேசாகத் தள்ளிவிட்ட பிறகுதான் பூட்டியது. வேகமாக டிரிகரை இழுத்தால் இது தெரியாது. சுற்றுகிற வேகத்திலேயே சிலிண்டர் தன் இடத்துக்குப் போய்விடும். டபுள் ஆக்‌ஷனில் (ஹேமரைத் தொடாமல் டிரிகரை மட்டும்) படபடவென்று இழுத்துக் காட்டி 'பாருங்க, வெண்ணெய் மாதிரி' என்பவர்களிடம் இதனால்தான் உஷாராக இருக்கச் சொல்கிறேன். அறை குழலுக்கு நேராக நிற்காவிட்டால் தோட்டா விளிம்பில் உரசி ஈயத்தைச் செதுக்கிப் பக்கவாட்டில் தெறிக்கவிடும்.

சிலிண்டர் முகத்துக்கும் குழலுக்கும் நடுவில் கேஜை நுழைத்துப் பார்த்தேன். 0.15 மில்லிமீட்டர் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். 0.30 தகடு தாராளமாக நுழைந்தது. இது நடுவில் மடங்கும் ரகம் என்பதால், பூட்டிய நிலையில் குழலை ஒரு கையிலும் பிடியை இன்னொரு கையிலும் பிடித்து ஆட்டியும் பார்த்தேன். கீல் லொடலொட. அந்த மினுமினுப்பும் பின்னால் ஏற்றிய நிக்கல்தான். எழுத்துகள் கரைந்த சோப்பு மாதிரி இருந்தன, ஸ்க்ரூ தலைகளின் காடி மழுங்கியிருந்தது. துருக்குழியைத் தேய்த்துவிட்டு முலாம் பூசியிருக்கிறார்கள்.

காபி குடித்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

கடைசியில் வாங்கியது கான்பூர் .32 தான். 2019 சட்டத் திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது இல்லையா, அதில் மூன்று வைத்திருந்த திருப்பூர்க்காரர் ஒருவர் ஒன்றைத் தள்ளிவிட வேண்டிய கட்டாயம். பார்க்க அழகில்லை. தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்து, திரும்பி வந்தபோது இடது பக்கம் முழுக்கப் பழுப்புத் திட்டு. டிரிகரும் கனம்தான். ஆனால் ஆறு அறையும் பூட்டியது, கேஜ் 0.15-இல் நின்றது, வெள்ளைக் காகிதத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் குழலுக்குள் தோட்டாவைச் சுழலவிடும் கோடுகள் கூர்மையாக இருந்தன. எண்பது கேட்டார். துருவைக் காட்டி அறுபத்தெட்டாயிரத்துக்கு முடித்தேன். லைசென்ஸ் அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, லைசென்ஸில் ஏற்றி, அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது. இதில் ஒன்று முக்கியம். ரிவால்வரில் பொறித்த எண்ணையும் லைசென்ஸில் உள்ள எண்ணையும் நீங்களே ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். 3-ஐ 8 என்று எழுதிவைத்த ஒரு குமாஸ்தாவால் என் மாமா ஒருவர் எட்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் அந்தப் பொள்ளாச்சி அண்ணனைப் பார்த்தேன். வெப்லி இன்னும் விற்கவில்லையாம். விலை இப்போது ஐந்தரை. ஆறாவது அறையைச் சரி பண்ணியாச்சா என்று கேட்டேன்.

"அது கெடக்குதுங்க தம்பி, மீதி அஞ்சு நல்லாத்தான இருக்குது."