இனிஷியல் போதாதாம், இன்ஸ்டா ஐடி வேண்டுமாம்

போன வாரம் எங்கள் விண்ணப்பப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது. அப்பா பெயர், பிறந்த தேதி, கடைசியாக வாங்கிய சம்பளம், அதற்குக் கீழே ‘பேஸ்புக் / இன்ஸ்டாகிராம் ஐடி’. யார் போட்டது என்று கேட்டால், புதிதாக வந்திருக்கும் கன்சல்டன்ட் சொன்னாராம். “இப்ப எல்லாருமே பாக்கறாங்க மேடம்.”

எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருடமாக இதே கோயமுத்தூரில் எச்.ஆர். வேலைதான் பார்க்கிறேன். நானும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஆள் வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019. அப்போது வேறொரு கம்பெனியில் இருந்தேன். பம்ப்புக்கு உதிரி பாகம் செய்கிற இடம், பெயர் வேண்டாம். குவாலிட்டி இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு ஆள் தேவை. டிப்ளமோ முடித்த பையன்கள் ஏழு பேர் வந்தார்கள். எங்கள் குவாலிட்டி மேனேஜர் பழைய ஆள், பேச்சில் நம்பிக்கை கிடையாது. ஒரு வெண்கல புஷ்ஷையும் (குழாய்த் துண்டு மாதிரி ஒரு உதிரி பாகம்) அதை அளக்க ஒரு பழைய வெர்னியரையும் மேசையில் வைத்து, “வெளிவிட்டம் பாத்துச் சொல்லு தம்பி” என்பார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

ஆறு பேர் புஷ்ஷை எடுத்து வெர்னியரில் மாட்டி அளவைப் படித்தார்கள். ஏழாவதாக வந்த பையன் புஷ்ஷைத் தொடவில்லை. முதலில் வெர்னியரின் வாயைத் துடைத்தான். மூடினான். மூடினால் அது பூஜ்யம் காட்ட வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “சார், இதுல ஜீரோ எரர் இருக்குதுங்க. பாயின்ட் ஜீரோ ஃபோர் கூட காட்டுது” என்றான். அப்புறம்தான் அளந்தான், அந்த 0.04 மில்லிமீட்டரைக் கழித்துவிட்டுச் சொன்னான். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வெர்னியரை அவர் வைத்திருப்பதே அதற்குத்தான்.

சாயங்காலம் முதலாளியின் மகன், எல்லாரும் சின்னவர் என்போம், என் மேசைக்கு வந்தார். கையில் போன். “அக்கா, இந்தப் பையன் டிக்டாக் பாத்தீங்களா?” இருபது விநாடி வீடியோ. அந்தப் பையன் ஒரு சாவு ஊர்வலத்தில் பறை அடித்துக்கொண்டு போகிறான். கீழே, தாய்மாமா போய்விட்டார் என்று எழுதி அழுகிற பொம்மை நாலு போட்டிருந்தான். சின்னவர் அதை இரண்டு தடவை ஓடவிட்டார். “அடி நல்லாத்தான் அடிக்கறான்... ஆனா நம்ம செட்டப்புக்குச் சரி வராதுங்க்கா.”

அவர் சாதிப் பெயர் எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு. நான் என் எக்செல் ஷீட்டைத் திறந்து ஏழாவது வரிசையில் ‘கல்ச்சர் ஃபிட் இல்லை’, அதாவது எங்கள் கம்பெனிச் சூழலுக்கு ஒத்துவர மாட்டான், என்று அடித்தேன். மேனேஜர் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 2020 ஜூனில் டிக்டாக்கையே தடை செய்துவிட்டார்கள், அந்த வீடியோவும் அதோடு போயிருக்கும். நான் அடித்த வரி அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கும்.

இதை இத்தனை வருடம் கழித்து ஏன் கிளறுகிறேன் என்றால், புதுக் கட்டத்துக்கு கன்சல்டன்ட் சொல்கிற காரணம் ‘குணம் தெரியும்’ என்பது. பதினெட்டு வருடத்தில் நான் பார்த்தவரை யாரும் குணத்தைத் தேடி ஐடியைத் திறந்ததில்லை. நேரில் கேட்டால் அசிங்கம் என்று நமக்கே தெரிந்த கேள்விகளுக்கு, கேட்காமலே பதில் எடுத்துக்கொள்ளத்தான் திறக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதியைப் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் இறங்கி, இன்றைக்கு எந்தப் பையனின் பயோடேட்டாவை எடுத்தாலும் ஒரு இனிஷியல், ஒரு பெயர், முடிந்தது. ‘எம். கார்த்திக்’ என்பவர் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். (பாஸ்போர்ட்டில் சர்நேம் கேட்கும்போது அப்பா பெயரைப் போட்டுவிட்டு, வெளிநாட்டில் போய் அப்பா பெயரால் கூப்பிடப்பட்டு விழிப்போமே, அந்த அவஸ்தைகூட இந்த நல்ல காரியத்தின் பக்கவிளைவுதான்.)

பெயரில் சாதி இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. சுகதேவ் தோராட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு, 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி என்ற ஆய்விதழில் வந்தது. பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, படிப்பும் தகுதியும் ஒரே மாதிரி இருக்கும் விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவதிலேயே இந்த வித்தியாசம்.

நம் பக்கத்துப் பயோடேட்டாவில் அந்தப் பெயர் கிடைக்காது. அதனால்தான் முன்பெல்லாம் இன்டர்வியூவில் சுற்றி வளைப்பார்கள். “ஊரு எதுங்க தம்பி? ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?” “குலசாமி எங்க இருக்குது?” பையன்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பக்கத்து டவுன் பெயரைச் சொல்லித் தப்பிப்பார்கள். இப்போது அந்தச் சிரமமே இல்லை. தலைவர் நினைவு நாளுக்கு வைத்த ஃபிளெக்ஸில் கடைசி வரிசையில் அவன் முகம் இருக்கும். சித்தப்பா பைக்கின் நம்பர் பிளேட்டில் ஸ்டிக்கர் இருக்கும். பத்தாவது படிக்கும்போது எடுத்த போட்டோவில் கையில் சாதிக் கயிறு இருக்கும், அதன் நிறம் தெரியும். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு கமிட்டி, பள்ளிக்கூடத்தில் கலர் கயிறு கூடாது என்று பரிந்துரைத்தது. பள்ளிக்கூடத்தில் அவிழ்த்துவிடலாம். பதினாறு வயதில் போட்ட போட்டோவில் அவிழ்க்க முடியுமா? அதை ஆறு வருடம் கழித்து ஏ.சி. ரூமில் உட்கார்ந்து நாங்கள் பெரிதுபடுத்திப் பார்க்கிறோம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தேடுவது வேறு. மோதிரம், தாலி, வளைகாப்பு. சிரிக்காதீர்கள், அக்கவுன்ட்ஸுக்கு வந்த ஒரு பெண்ணின் வளைகாப்பு போட்டோவைப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எனக்குக் காட்டியது நிஜம். 2017இல் பேறுகால விடுப்பை 12 வாரத்தில் இருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள், சம்பளத்தோடு. நல்ல சட்டம். ஆனால் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வராதவர்களுக்கு அந்தச் சம்பளம் முழுக்கக் கம்பெனி தலையில்தான் விழுகிறது. அதனால் ‘கல்யாணம் எப்பம்மா?’ என்று வாயால் கேட்காத மரியாதைக்காரர்கள் எல்லாம் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் பக்கத்தை உருட்டுகிறார்கள்.

தோற்றத்துக்கு வருகிறேன். அது இதன் அண்ணன். இன்ஸ்டா வருவதற்கு முன்பே இருந்தவர்.

‘ஃபிரன்ட் ஆபீஸுக்குப் பெண்கள் தேவை, நல்ல தோற்றம் அவசியம், போட்டோவுடன் வரவும்.’ இந்த விளம்பரத்தை என் கையாலேயே எத்தனை முறை பேப்பருக்குக் கொடுத்திருக்கிறேன்! நல்ல தோற்றம் என்றால் என்ன என்று பேப்பர்காரர் கேட்டதில்லை, வந்த பெண்களும் கேட்டதில்லை. எல்லாருக்கும் புரியும். காந்திபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் என் தங்கை மகளுக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கப் போயிருந்தேன். எடுத்து முடித்து ஸ்கிரீனில் ஓட்டிக்கொண்டே அந்தத் தம்பி கேட்டார்: “வேலைக்கா அக்கா? அப்ப கொஞ்சம் கலர் ஏத்திடட்டா?” குரலில் ஒரு அக்கறை, டீயில் சர்க்கரை போடட்டுமா என்று கேட்பது மாதிரி. மவுஸை இரண்டு இழுப்பு இழுத்தார். என் தங்கை மகளுக்கு அக்கா மாதிரி ஒரு பெண் வந்து நின்றாள். இவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது. எச்.ஆர்.காரி ஆயிற்றே, எது எடுபடும் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஃபேர்னெஸ் க்ரீம் விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா, க்ரீம் பூசி வெளுத்த பெண்ணுக்கு விமானப் பணிப்பெண் வேலை கிடைக்குமே? மாதர் சங்கம் புகார் கொடுத்துப் போராடி 2003இல் அதை நிறுத்தினார்கள். 2020இல் ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரையே குளோ அண்ட் லவ்லி என்று மாற்றியாயிற்று. டப்பாவின் பெயர் மாறிவிட்டது. ஸ்டூடியோத் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை போல.

சரி, எதிர்க்கேள்விக்கு வருகிறேன், கமென்ட்டில் எப்படியும் வரும். ‘ஊருக்கே தெரியும்படி போட்டவன் அவன்தானே, பார்ப்பவன் மேல் என்ன தப்பு?’ சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட தகவலுக்குப் பொருந்தாது. ஆக, நான் பார்ப்பது சட்டப்படி குற்றமில்லை. வாசல் திறந்திருக்கிற வீட்டுக்குள் போய் சமையல்கட்டில் என்ன கறி வேகிறது என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிற ஆளை நம் ஊரில் என்ன சொல்வோமோ, அதை என்னைப் பற்றியும் சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பார்த்ததால் நல்ல ஆள் கிடைத்தானா? அமெரிக்காவில் சாட் வான் இடெகிங்கே என்பவரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 2016இல் வந்தது. படிப்பை முடித்து வேலை தேடும் மாணவர்களின் பேஸ்புக் பக்கங்களை ஆளெடுப்பவர்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அந்த மாணவர்கள் வேலைக்குப் போன இடத்தில் மேலதிகாரிகள் போட்ட மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பேஸ்புக் மதிப்பெண்ணில் பெண்களும் வெள்ளையர்களும் மேலே இருந்தார்கள். ஆக, ஆளெடுப்பவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. எங்கள் குவாலிட்டி மேனேஜரின் வெர்னியர் அதைவிட நம்பகமானது, எரர் எவ்வளவு என்றாவது தெரியும்.

எதையுமே பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை சூப்பர்வைசர் வேலைக்கு வந்தவர், மில் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றிப் பொதுப் பக்கத்தில் எழுதியிருந்ததை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்கள். இங்கே திருப்பி எழுத முடியாது. அவருக்குக் கீழே அறுபது பெண்கள் வேலை செய்ய வேண்டும். அவரையே கூப்பிட்டு, போனை முன்னால் வைத்து, “இது நீங்க எழுதினதுங்களா?” என்று கேட்டேன். “சும்மா தமாசுக்கு மேடம்” என்றார். அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன். அவரிடம் காரணத்தைச் சொல்லி அனுப்ப முடிந்தது. அந்த ஏழாவது பையனிடம், ‘மாமா சாவுக்குப் பறை அடித்தாய், அதனால் வேலை இல்லை’ என்று சொல்ல என்னால் முடிந்திருக்குமா? மெயில்தான் அனுப்பினேன். ‘பிறகு தொடர்புகொள்கிறோம்.’

கணக்கே இல்லாதவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. “ஒண்ணுமே காணோமே, எதையோ மறைக்கறான் போல” என்பார்கள். அண்ணனுக்குப் பயந்து ரோஜாப்பூவை டி.பி.யாக வைத்து வேறு பெயரில் ஒளிந்திருக்கும் பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் எதை எழுதுவார்கள்?

மத்திய அரசில் கீழ்நிலைப் பதவிகளுக்கு 2016 ஜனவரியோடு நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். எழுத்துத் தேர்வு மார்க்தான். அதில் ஆயிரம் குறை சொல்லலாம், நானே சொல்வேன். மனுஷன் பேசுவதைக் கேட்காமல் எப்படி ஆள் எடுப்பது? ஆனாலும் ஒருவனுடைய மாமா சாவு அங்கே மார்க் குறைக்காது.

நேற்று அந்தப் படிவத்தில் ஐடி கட்டத்தையும் போட்டோ ஒட்டும் சதுரத்தையும் எடுத்துவிட்டு, பழைய மாதிரி நூறு காப்பி பிரின்ட் போட்டு ரிசப்ஷனில் வைத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் ஜி.எம். என் ஃபிரண்ட் லிஸ்ட்டில் இருக்கிறார், கன்சல்டன்ட்டும் போன மாதம் ரிக்வெஸ்ட் கொடுத்தார், ஏற்றுக்கொண்டேன். இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு மீட்டிங் இருக்கிறது.