மிளகாய்ச் செடிக்கு வந்திருக்கிறது பசி இல்லை, பேன்

மாடித்தோட்டம் வச்சிருக்கிற சொந்தக்காரங்க, பழகினவங்க எனக்கு வாட்ஸப்ல அனுப்புற படங்கள்ல பாதிக்கு மேல மிளகாய்ச் செடிதான். இலை சுருண்டு, குருத்து குறுகி, பூவெல்லாம் தொட்டியில கொட்டிக் கிடக்கும். படத்துக்குக் கீழே தவறாம ஒரு கேள்வி: "இதுக்கு என்ன உரம் போடலாம்?" எதுவும் போடாதீங்கன்னு சொன்னா பல பேருக்குக் கோபம் வருது. செடி சுருண்டு நிக்கும்போது கையைக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்றானேன்னு நினைக்கிறாங்க போல.

எங்க கீழ் வீட்டு அக்காவும் இதையேதான் கேட்டாங்க. "கடலைப் புண்ணாக்கு கரைச்சு ஊத்தியாச்சு, மீன் அமிலம் அடிச்சாச்சு, முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போட்டாச்சு. இன்னும் என்னதான் தம்பி கேக்குது இது?"

"அது ஒண்ணும் கேக்கலைக்கா. ஒரு வெள்ளைப் பேப்பர் எடுத்துட்டு வாங்க."

குருத்துக்குக் கீழே பேப்பரைப் பிடிச்சு, விரலால ரெண்டு தட்டு தட்டினேன். விழுந்ததைத் தூசின்னுதான் அக்கா நினைச்சாங்க. அந்தத் தூசி நடக்க ஆரம்பிச்சதும் பேப்பரைக் கீழே போட்டுட்டாங்க. வெளிர் மஞ்சளா, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட வராத பூச்சி. அதுதான் இலைப்பேன்.

எந்தப் பக்கம் சுருளுதுன்னு பார்த்தாலே பாதி விஷயம் புரிஞ்சிடும். இலை ஓரம் மேல்பக்கமா மடிஞ்சு படகு மாதிரி நின்னா இலைப்பேன். கீழ்ப்பக்கமா மடிஞ்சு, அதே படகைக் கவிழ்த்து வச்சாப்ல இருந்து, இலைக்காம்பும் நீண்டு போயிருந்தா மஞ்சள் சிலந்தி. இது வெறும் கண்ணுக்குச் சிக்காது, பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் வேணும். இலை சிறுத்து, நரம்பு வெளுத்து, செடியே குட்டையாகிக் கொத்தா நின்னா, அது பெரும்பாலும் வெள்ளை ஈ கொண்டுவந்து விட்ட வைரஸ். சில செடியில ரெண்டு மூணும் சேர்ந்தே இருக்கும். எல்லாத்துக்கும் இலைச்சுருட்டுன்னு ஒரே பேரை வச்சு, எல்லாத்துக்கும் ஒரே டானிக்கை ஊத்துறோம்.

அந்த டானிக் சும்மா போனாலும் பரவாயில்லை, கெடுதல் பண்ணுது. கடலைப் புண்ணாக்கு, மீன் அமிலம், ஆன்லைன்ல வாங்குற 19:19:19 கலப்பு உரம் எல்லாத்துலயும் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கு. அது அளவுக்கு மீறினா குருத்து மளமளன்னு தளதளப்பா வரும். சாறு உறிஞ்சுற பூச்சிக்கு அதைவிட விருந்து கிடையாது. பூக்க வேண்டிய செடியும் இலையாத் தள்ளிக்கிட்டு நிக்கும்.

பால், சர்க்கரை சேர்ந்த டீத்தூளைக் கழுவாம தொட்டியில கொட்டுறது இன்னொரு கூத்து. எறும்பு வரும். அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கிற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுங்களுக்குக் காவல் காக்கும். தண்டுல எறும்பு சாரை சாரையா ஏறுறதைப் பார்த்தா, எறும்புப் பொடியைத் தேடுறதுக்கு முன்னாடி இலையடியைப் பாருங்க.

முட்டை ஓட்டுப் பிரியர்கள் மன்னிக்கணும். அது கால்சியம் கார்பனேட், தண்ணியில லேசுல கரையாது. மண்ணுல கரைஞ்சு செடிக்குப் போய்ச்சேர மாசக்கணக்கா ஆகும். காய் நுனி கருகி அமுங்குறது கால்சியம் போதாமதான், ஒத்துக்கறேன். ஆனா பெரும்பாலும் மண்ணுல அது இருக்கத்தான் செய்யுது. ஒருநாள் காயப்போட்டு, மறுநாள் வெள்ளமா விட்டா வேரால அதைக் காய்க்கு அனுப்ப முடியாது. தண்ணியை ஒரு சீரா விட்டுப் பாருங்க, அடுத்து வர்ற காய் நல்லா வரும்.

சரி, சுருண்ட செடியை என்ன பண்றது? மோசமான குருத்தைக் கிள்ளி, கவர்ல கட்டிக் குப்பைக்கு அனுப்புங்க. தொட்டி ஓரத்துல போட்டா பூச்சி திரும்ப ஏறிடும். இலையடியில படுற மாதிரி தண்ணியைப் பீய்ச்சி அடிங்க. அப்புறம் லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் தண்ணியோட சேர கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வாரம் ஒருதடவை, சாயங்காலமா. வெயில்ல அடிச்சா இலை கருகும். சிலந்திக்கு வேப்பெண்ணெய் ஓரளவுதான் கேக்கும், நனையும் கந்தகம் (தண்ணியில கலக்கி அடிக்கிற கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் போட்டா நல்லாவே அடங்கும். எண்ணெயும் கந்தகமும் அடுத்தடுத்து வேண்டாம், ரெண்டு வாரமாவது இடைவெளி விடுங்க. வைரஸ்னா மருந்தே இல்லை. பிடுங்கிடுங்க, மனசு கேக்காட்டியும்.

2021ல ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளைச் சூறையாடின கருப்பு இலைப்பேன் ஞாபகம் இருக்கா? பூவுக்குள்ளேயே குடியிருக்கிற ரகம். கடை மருந்தை மாத்தி மாத்தி அடிச்சும் விவசாயிங்க திண்டாடிப் போனாங்க. அதனால பூ கொட்டினா உள்ளே பிரிச்சும் பாருங்க. இந்தக் கூட்டத்தை வாழைப்பழத் தோல் தண்ணி விரட்டிடும்னு வீடியோ போடுறவங்க தைரியத்தைப் பாராட்டணும்.

அப்ப செடிக்குச் சாப்பாடே வேண்டாமா? வேணும், அளவா. 12 இன்ச் பையில செம்மண், மட்கின எரு, உப்பு போகக் கழுவின தென்னை நார்க் கழிவு கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து நட்டா, பூ வர்ற வரைக்கும் பெருசா ஒண்ணும் தேவையில்லை. அதுக்கப்புறம் மாசம் ஒண்ணு ரெண்டு தடவை கைப்பிடி மண்புழு உரம். விறகடுப்புச் சாம்பல் கிடைச்சா ஒரு ஸ்பூன், சாம்பல் சத்துக்காக (பொட்டாஷ்). கூடப் போனா மண்ணுல காரத்தன்மை ஏறிடும் (அந்தக் காரம் காய்க்கு வராதுங்க). ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது. வானம் பார்த்த பூமியில, வடகிழக்குப் பருவமழையை நம்பி வளர்ற மிளகாய் அது. நம்ம மாடியில அதோட சொந்தக்காரச் செடிக்கு வாரம் மூணு வகைக் கஷாயம்!

மே மாசம் பூ உதிர்ந்தா தேமோர் கரைசலை (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வச்சது) தூக்கிக்கிட்டு ஓட வேண்டாம். பகல் பூரா காய்ஞ்ச தளம் ராத்திரியிலும் கொதிச்சா மகரந்தம் வீணாகி, பூ நிக்காது. 50 சதவீத நிழல்வலையைக் கட்டிட்டுப் பொறுமையா இருங்க, வெயில் தணிஞ்சதும் பிஞ்சு பிடிக்கும்.

காய்கறி வாங்கினா கொசுறாக் கொடுக்கிற மிளகாய்க்கு இத்தனை பாடான்னு கேக்கறவங்க உண்டு. அதிகமா மருந்தடிக்கிற பயிர்கள்ல மிளகாயும் ஒண்ணு. அதை நாம பச்சையாவே சட்னியில அரைக்கிறோம். எனக்கு அந்தக் காரணம் போதும்.

கடைசியா ஒண்ணு. காய்ச்சு ஓஞ்ச செடியைப் பிடுங்காதீங்க. பாதிக்கு மேல கவாத்து பண்ணி விட்டா திரும்பத் துளிர்க்கும், நம்ம ஊர்ல ரெண்டு மூணு வருஷம்கூட காய்க்கும். உங்க கடலைப் புண்ணாக்குத் தண்ணியை அந்த நேரத்துக்கு வச்சுக்கோங்க. பத்து பங்கு தண்ணி கலந்து, ஒரே ஒரு தடவை.