பாலத்தை வெள்ளம் மட்டும் அழிக்கவில்லை

திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் ‘வெள்ளத்தில் அழிந்தது’ என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது பாதி உண்மைதான். 1928-இல் கட்டியது. 2016-இல் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்ததும் வண்டிகள் அங்கே மாறிவிட்டன. பழையதில் எங்களைப் போல நடைப்பயிற்சிக்காரர்கள்தான். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வந்த வெள்ளம் தூணடி மணலை அரித்ததில் சில தூண்கள்தான் சாய்ந்தன. அதை வேடிக்கை பார்க்க அன்று கரையில் திருவிழா போலக் கூட்டம்! மிச்சமிருந்ததைப் பிற்பாடு இயந்திரம் வைத்துப் பிரித்தது மனிதர்கள்தான். அந்தத் தூண்கள் நின்றது, ஆற்று மணலுக்குள் வட்டக் கிணறு போல இறக்கிக் கட்டிய அடித்தளத்தில். கோடையில் ஆறு வற்றும்போது மணலில் எது மிஞ்சியிருக்கிறதோ அதையாவது யாராவது அளந்து, படமெடுத்து வையுங்கள். பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வாரவேலைதான்.