மழையில் ஜன்னலைத் திறக்க முடியாத வீடு

மணி மதியம் 2. வெளியே இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, கொட்டுகிறது. வீட்டின் 14 ஜன்னல்களும் சாத்திக் கிடக்கின்றன. மின்சாரம் போய் ஒரு மணி நேரமாகிறது. நானும் பிள்ளைகளும் மூடிய பெட்டிக்குள் அகப்பட்டது போல வியர்த்துக்கொண்டிருக்கிறோம். ஹாலின் மேற்குச் சுவரை ஒட்டி இரண்டு பழைய வேட்டிகளைச் சுருட்டிப் போட்டிருக்கிறேன். கண்ணாடிச் சட்டத்தின் அடியில் கசிகிற தண்ணீரை அவைதான் உறிஞ்சுகின்றன. அரை மணிக்கு ஒருமுறை பிழிந்து போட வேண்டும். பால் காய்ச்சிக் குடிவந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத வீடு!

குமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடைப்பட்ட ஊர் எங்களுடையது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு வந்துவிடும், டிசம்பர் வரை விடாது. வருடத்தில் ஏழு மாதம் குடை கையில் இருக்கும் மண் இது. இந்த மண்ணில், ஜன்னலுக்கு மேல் ஒரு முழம் சன்ஷேடுகூட இல்லாமல் ஒரு வீட்டை ஒருவர் வரைகிறார், ஒருவர் சம்மதிக்கிறார், ஒருவர் கட்டித் தருகிறார். மூன்று பேருக்கும் மழை நினைவுக்கு வரவில்லை என்றால் நான் என்ன சொல்ல?

படம் காட்டிய அன்றைக்கே கேட்டேன். "தம்பி, ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு எங்கே?" என்றேன். பொறியாளர் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். வெள்ளையும் சாம்பலுமாக அடுக்கி வைத்த பெட்டிகள், நீல வானம், வாசலில் ஒரு சிவப்புக் கார். "அக்கா, சன்ஷேடு வைத்தால் வீட்டு முகப்பின் எலிவேஷன் கெட்டுவிடும். இப்போது யாரும் அதெல்லாம் வைப்பதில்லை" என்றார். அந்தப் படத்தில் மழை பெய்யவில்லை. சுவரில் பாசி இல்லை. கொடியில் துணி இல்லை. மனிதர் ஒருவரும் இல்லை. எங்களுக்குக் காரும் இல்லை, இன்றுவரை வாங்கவில்லை. ஆனால் அந்தப் படத்துக்காக, வீட்டிலேயே அகலமான கூரையை இல்லாத காருக்குப் போட்டோம்.

எலிவேஷன், எலிவேஷன்! கட்டி முடிக்கும்வரை இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ரோட்டில் பைக்கில் போகிறவர் நான்கு விநாடி திரும்பிப் பார்ப்பாரே, அதற்கு ஒரு முகப்பு. உள்ளே 24 மணி நேரமும் கிடந்து உழலுகிறவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வாய்ச்சொல் கேட்கவில்லை. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வெளியே தெரிந்தால் அழகு போய்விடும் என்று அதைச் சுவருக்குள் புதைத்தார்கள். சுற்றிலும் ரப்பர் தோட்டம். மாசி பிறப்பதற்குள் இலை அத்தனையும் உதிர்ந்து மாடியில் மெத்தை போல் கிடக்கும். முதல் மழையிலேயே குழாய் அடைத்தது. மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. படுக்கையறைச் சுவர் ஓதம் ஏறி ஊறிப்போய், இரண்டு கோட் பூசிய வண்ணம் அப்பளம் போல உப்பிப் பெயர்ந்தது. அலமாரியில் இருந்த என் கல்யாணப் பட்டில் பூஞ்சணம் பூத்திருந்தது. குழாய் வெளியே இருந்திருந்தால் ஒரு கம்பியை விட்டுக் குத்தி எடுத்திருப்பேன். இப்போது சுவரை உடைத்தால்தான் குழாயைத் தொட முடியும்.

அடுக்களையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஓபன் கிச்சன் வேண்டுமாம். ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவே சுவரே வேண்டாமாம். நாங்கள் தினமும் மீன் சமைக்கிறவர்கள். சாளை பொரித்தால் அந்த வாடை சோபாவில், திரைச்சீலையில், பிள்ளைகளின் பள்ளிச் சீருடையில் இரண்டு நாள் தங்குகிறது. ஹாலுக்கு இரண்டு மாடி உயரம் கொடுத்தார்களே, அங்கே தொங்கும் விளக்கு ஒன்று போய் ஏழு மாதமாகிறது. மாற்ற வேண்டுமென்றால் சாரம் கட்ட வேண்டும்.

இந்த இடத்தில் முன்பு ஓர் ஓட்டு வீடு இருந்தது. மாமனாரின் அப்பா கட்டியது. வெட்டுக்கல் சுவர், அயனி மரத்தில் உத்தரம், மேலே ஓடு. முன்னால் படிப்புரை என்கிற திறந்த திண்ணை, பின்னால் சாய்ப்பு. கூரை சுவரைத் தாண்டி மூன்றடி வெளியே நீண்டு, குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். எப்படிப்பட்ட மழையிலும் அந்த வீட்டில் ஜன்னல் சாத்தியதாக எனக்கு நினைவில்லை. மழை பெய்யப் பெய்யக் காற்று உள்ளே வரும். மாமி, அதாவது என் மாமியார், படிப்புரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மரச்சீனிக் கிழங்கைச் சீவியபடி மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குறைகள் இல்லையென்று சொல்லவில்லை. கழிப்பறை வெளியே இருந்தது, இரண்டு உத்தரத்தில் கரையான் ஏறியிருந்தது, அறைகளில் வெளிச்சம் போதாது. அதற்கெல்லாம் வழி உண்டு. இடித்துத் தள்ளித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

ஓடுகளை லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். கொடுத்த காசு ஏற்றுக்கூலிக்கே சரியாகப் போனது. மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் அடுக்கியிருந்த 300 ஓடுகளை மட்டும் மாமி தொடவிடவில்லை.

போன மே மாத விடுமுறையில், சனிக்கிழமை ஒன்றில், பிள்ளைகளைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்குள் வெக்கை தாங்கவில்லை என்பதுதான் உண்மையான காரணம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு இரண்டு மணிவரை அதைக் கக்கிக்கொண்டிருந்தது. களியக்காவிளையில் பஸ் ஏறி, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு போர்டாக மகன் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தான். வீட்டில் மலையாளம் பேசுவதில்லை என்றாலும், டிவி பார்த்தும் பஸ் போர்டு பார்த்தும் படித்துவிட்டான். தம்பானூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து மிருகக்காட்சி சாலை.

புலியைப் பார்த்துவிட்டு, அதே வளாகத்தில் இருக்கும் நேப்பியர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். வெளியே தலை வெடிக்கும் வெயில். உள்ளே சில்லென்று இருந்தது. ஏ.சி. கிடையாது. உயர்ந்த சரிவுக் கூரை, மர வேலைப்பாடு, சூடான காற்று மேலே ஏறிப் போக வழி. 1880-இல் கட்டி முடித்த கட்டடம் அது. வரைந்தவர் சென்னையில் செனட் ஹவுஸ் கட்டிய ராபர்ட் சிஷம். எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர், இந்த ஊர்க் கூரை ஏன் இப்படிச் சரிந்திருக்கிறது என்று நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு கட்டியிருக்கிறார். இங்கேயே பிறந்து, இங்கேயே மழையில் நனைந்து பள்ளிக்கூடம் போன நம் பிள்ளைகள் பட்டம் வாங்கி வந்து மொட்டைப் பெட்டி வரைகிறார்கள். கோபம் வராதா?

திரும்பும் வழியில் தம்பானூரில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிலையத்துக்கு வெளியே இருக்கும் இந்தியன் காபி ஹவுஸுக்குள் ஓடி நுழைந்தோம். வட்டமாக, சிவப்புச் செங்கல் கோபுரம் போல நிற்குமே, அதேதான். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. உள்ளே தளமே சுருள் சுருளாக மேலே ஏறிக்கொண்டு போகும். சுவரை ஒட்டி வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே உயரத்தில். பிள்ளைகள் இரண்டும் உச்சிவரை ஓடி, இறங்கி, மறுபடியும் ஓடின. தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழி விட்டார். கட்லட்டும் காபியும் வந்தன. சுவரெல்லாம் செங்கல்லை விட்டு விட்டு அடுக்கிய ஓட்டைகள். கண்ணாடி இல்லை, கதவில்லை. காற்று தாராளமாக வந்தது. மழை எங்கள் மேசைக்கு வரவில்லை.

மகள் ஏழாம் வகுப்பு. கையில் கட்லட்டை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, இங்கே சாத்துவதற்கு ஜன்னலே இல்லை. மழை உள்ளே வரவில்லையே. நம் வீட்டில் எல்லாம் சாத்தியும் ஏன் வருகிறது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொண்டை அடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அந்த பேக்கரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1917-இல் பர்மிங்காமில் பிறந்தவர். 2007-இல் இறக்கும்வரை திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, குறைந்த செலவில் வீடு வீடாகக் கட்டித் தந்தவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார். ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம், நடுவில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. தளம் வார்க்கும்போது, அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லாத இடங்களில் பழைய ஓடுகளைப் பதித்திருக்கிறார். சிமென்ட் குறைவு, கம்பி குறைவு, சூடும் குறைவு. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லாரியில் போன எங்கள் ஓடுகள் எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கலாம்! எங்களிடமிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் தொலைவில் ஒரு மனிதர் இத்தனை வருடம் இதைச் செய்து காட்டியிருக்கிறார். எங்கள் பொறியாளர் ஒரு நாளும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

திருவனந்தபுரம்கூட வேண்டாம். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795-இல் தலைநகர் மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் இருந்த இடம். இந்த மாவட்டத்தில் பள்ளிச் சுற்றுலா போன பிள்ளை எவரும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அரசனின் வீடே மழைக்குப் பணிந்து கூரையைத் தாழ்த்தியிருக்கிறது. மர அழி என்கிற கிராதி வழியாக வெளிச்சமும் காற்றும் வரும், சாரல் வராது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தானே இந்தப் பெட்டிகளை வரைகிறார்கள்?

இப்போது ஊரில் நடப்பதைக் கேளுங்கள். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பெட்டி வீடுகள். ஐந்தும் ஒழுகின. ஐந்து பேரும் மொட்டைமாடிக்கு மேலே இரும்புக் கம்பி நட்டு, நிறமடித்த ஷீட் போட்டு ட்ரஸ் ஒர்க் செய்கிறார்கள். எங்களுக்கு மதிப்பீடு 2.75 லட்சம். ஷீட் போட்டால் ரோட்டிலிருந்து பார்ப்பவருக்குத் தகரக் கொட்டகைதான் தெரியும். எந்த முகப்புக்காக எங்களை நனைய விட்டார்களோ, அந்த முகப்பையே மூடி மறைக்க மறுபடியும் பணம். மழை பெய்தால் தகரத்தின் இரைச்சலில் பிள்ளைகள் பேசுவதுகூடக் காதில் விழாது. முதலிலேயே சரிவாக ஒரு கூரை போட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

என் கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். 11 வருடமாக வெயிலில் நின்று சம்பாதித்த பணம் இது. இந்த வீட்டில் அவர் மொத்தமாகத் தூங்கியது 40 இரவுகள். படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து ஆசைப்பட்டார். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். தகப்பன் விட்டுப்போன ஓட்டு வீட்டைத் தாண்டி நான்கு பேர் மதிக்க ஒரு வீடு வேண்டும் என்று நினைத்தார். அந்த ஆசைக்குக் காசு வாங்கிக்கொண்டு, மழைக்கு ஒதுங்க இடம் தராத வீட்டைக் கொடுத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாமிக்கு 74 வயது. ஐப்பசி மழையில் சிட்டவுட் வராந்தாவின் பளபளக்கும் டைல்ஸில் சாரல் விழுந்து, காலை வைத்தவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதன் பிறகு சிட்டவுட் பக்கம் போவதில்லை. மழை வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியைக் கார் போர்ச்சுக்குத் தூக்கிப் போய் உட்கார்ந்துகொள்கிறார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். இத்தனை லட்சம் செலவழித்த வீட்டில் மழையை நனையாமல் பார்க்க அந்த ஓர் இடம்தான் இருக்கிறது.

நேற்று இரவு கணவரிடம் போனில் சொல்லிவிட்டேன். ட்ரஸ் ஒர்க் வேண்டாம். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார், கூடவே ஆசாரியும். மேற்கு ஜன்னல்களுக்கு மேலே சட்டம் அடித்து, மாமி காப்பாற்றி வைத்த 300 ஓடுகளை வேய்ந்து மூன்றடிக்கு இறக்கப் போகிறோம். குழாயைச் சுவரிலிருந்து வெளியே எடுக்கப் போகிறோம். "எலிவேஷன் போய்விடுமே" என்றார். போகட்டும் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆசாரிக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

மாமி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "மக்களே, ஒரு திண்ணை போட இடம் இருக்குமா?" என்றார். இருக்கிறது. கார் போர்ச்சின் நீளத்துக்கும் ஒன்றரை அடி உயரத்தில் கட்டச் சொல்லியிருக்கிறேன்.